மூன்று நூல் இடைவெளி

டக்.

கணபதி சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற காரிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பாட்டு கண்ணாடிக்குள்ளேயே அடைந்து கிடந்தது. தாழ்ந்த ஒலியான பேஸ் மட்டும் வெளியேறி, தார்ச்சாலை வழியாக, என் ஸ்கூட்டரின் கால்மிதி வழியாக, முழங்கால் ஏறி நெஞ்சுக்கு வந்தது. ஒவ்வொரு அதிர்வின் வாலிலும் ஒரு சின்ன டக். உள்ளே ஏதோ ஒன்று இறுக்கமாக உட்காரவில்லை. வண்டிக்காரருக்கு அது கேட்டிருக்காது. எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, வலது காது மந்தம், இருந்தும் கேட்டது. பச்சை விழுந்து, பின்னால் ஹாரன்கள் கத்தி, யாரோ திட்டிக்கொண்டே கடந்துபோன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் இதே கணபதி பகுதியில் எனக்கு ஒரு கடை இருந்தது. கார்களுக்கு டேப் செட்டும் ஸ்பீக்கரும் மாட்டித் தரும் கடை. பின்புறம் ஒரு தகரக் கொட்டகை. அங்கே மாலை வேளைகளில் ஒருவர் வந்து ஸ்பீக்கர்களுக்குப் பெட்டி செய்வார். பகலில் அவருக்குப் பவுண்டரியில் வேலை. பம்பு செட்டுகளுக்கு இரும்பு வார்ப்பதற்கு முன்னால், அதே உருவத்தை மரத்தில் செய்து மண்ணில் பதிக்க வேண்டும். அந்த மர உருவத்துக்குப் பேட்டர்ன் என்று பெயர். அதைச் செய்கிறவர் அவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை மேஸ்திரி என்பேன். அவருடைய அப்பா தாராபுரம் பக்கம் தோட்டங்களில் கூலிக்கு மண் வெட்டியவர்.

"நான் செஞ்சதை ஒருத்தரும் பாக்கறதில்லீங்க," என்பார், உளியைத் தீட்டிக்கொண்டே. "மண்ணுல பதிச்சு எடுத்துப்போட்டு மூலையில வீசீருவாங்க. அப்பறம் இரும்புதான் பம்புன்னு பேரு வாங்கும்."

"இந்தப் பொட்டியையும் கார்ப்பெட் போட்டு மூடப் போறாங்க, மேஸ்திரி."

"மூடட்டுமுங்க. கேக்குமில்லீங்களா?"

அவர் அப்படிச் சிரித்துச் சொன்ன பெட்டி என் அத்தை மகனின் புதுக் காருக்கானது. தாராபுரத்துக்காரர். நிலமும் நூல் வியாபாரமும் சேர்ந்த வீடு. சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவரை ஒரு தட்டிலும் என்னை ஒரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்ப்பார்கள். என் தட்டு எப்போதும் காற்றில் ஆடும். அவர் வெளிநாட்டிலிருந்து பேஸுக்கென்றே பெரிய ஊஃபர் ஸ்பீக்கர் ஒன்றைத் தருவித்திருந்தார். டிக்கியின் தரைக்கடியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் அதற்கொரு பெட்டியை இறக்கிவிட வேண்டும். மேலே தரை தரையாகவே இருக்க வேண்டும். சாமான் வைத்தால் சமமாக நிற்க வேண்டும். ஸ்டெப்னியை வேறு எங்காவது வைத்துக்கொள்வாராம். ஒரே ஒரு நிபந்தனை.

"பாடியில ஒரு ஓட்டை போடக்கூடாது, மாப்ள. புது வண்டி."

திருகாணி இல்லை, பட்டை இல்லை. பெட்டி தன் அளவாலேயே பள்ளத்தில் இறுகி நிற்க வேண்டும், தீப்பெட்டிக்குள் தட்டு போல. மேஸ்திரிக்கு அதைக் கேட்டதும் கண் மின்னியது. இன்னொன்றும் சொல்லியிருந்தார் அத்தை மகன்: பெட்டி நன்றாக அமைந்தால், துடியலூரில் தனக்கிருக்கும் ஷெட்டில் ஓர் அறையை மேஸ்திரிக்கு ஒழித்துத் தருவார், தன் சிநேகிதர்களின் வண்டிகள் அத்தனையும் அங்கே வரும். வேலையை விடப்போவதாக மேஸ்திரி அதற்குள் பவுண்டரியில் ஜாடையாகச் சொல்லிவிட்டார். வாசலுக்கு என்ன நிறம் பூசலாம் என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். நான் நீலம் என்றேன். அவர் பச்சை என்றார்.

அளவெடுக்கக் கார் வந்தது ஒரு வேலைநாள் காலையில். மேஸ்திரி பவுண்டரியில். அத்தை மகன், "ஒரு டீ குடிச்சுப்போட்டு வாரேன், அதுக்குள்ள எடுத்துக்க," என்று சாவியைத் தந்துவிட்டுப் போனார். அளவு டேப்பைத் தேடினேன். கிடைக்கவில்லை. கொட்டகையில் மேஸ்திரி கருவிகள் வைக்கும் மரப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே துணியில் சுற்றிய எஃகு ஸ்கேல், இரண்டடி நீளம், கண்ணாடி போலப் பளபளப்பு, மயிரிழைக் கோடுகள். இதைவிட நுட்பமான அளவு எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். பள்ளத்துக்குள் மண்டியிட்டு, நீளம், அகலம், ஆழம், எல்லாவற்றையும் சீட்டில் எழுதினேன். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

கார் போன பிறகு ஸ்கேலைத் திரும்ப வைக்க மறந்து, என் மேசை டிராயரில் போட்டுவிட்டேன்.

மாலையில் மேஸ்திரி சீட்டைப் பார்த்துப் பலகையில் கோடு இழுத்தார், தன் டேப்பால். பிறகு மரப்பெட்டியைக் கிளறினார்.

"ஏனுங்க, என்ற ஸ்கேலைப் பாத்தீங்களா?"

"தெரியலீங்க, மேஸ்திரி."

இவ்வளவுதான் சொன்னேன். கேட்காமல் எடுத்த கூச்சம். அடுத்தவர் பெட்டியைத் திறந்தவன் என்று தெரிந்துவிடுமே என்ற அற்பம். எங்கள் ஊரில் மரியாதைக்குக் குறைவே கிடையாது. பொய்க்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க அவர் தேடினார். மரத்தூளைக் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். டிராயருக்கும் அவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பெட்டி அழகு. முக்கால் இஞ்ச் பிளைவுட், மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்தவை. விரலால் தடவினால் இணைப்பு எங்கே என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை கார் வந்தது. மேஸ்திரி குளித்து, விபூதி பூசி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார், பெண் பார்க்கப் போகிறவர் போல. நாங்கள் இருவரும் பெட்டியைத் தூக்கி இறக்கினோம்.

இறங்கியது. சுலபமாக இறங்கியது. அதிலேயே அவர் முகம் மாறிவிட்டது.

பாட்டைப் போட்டார்கள். பேஸ் வந்தது. அதோடு சேர்ந்து டக். பெட்டி பள்ளத்தின் தகரச் சுவரில் மோதி மோதித் திரும்பியது. டக், டக், டக். மேஸ்திரி பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, டேப்பை இடைவெளியில் வைத்துப் பார்த்தார். மரவேலைக்காரர்கள் ஓர் இஞ்சை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். மூன்றடி நீளத்தில் மூன்று நூல் இடைவெளி. இரண்டடி அகலத்தில் இரண்டு நூல்.

அடிக்கு ஒரு நூல்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால், ஸ்கேலைத் துணியில் சுற்றிக்கொண்டே அவர் சொல்லியிருந்தார்: காய்ச்சி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும், அதனால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும், அதற்கென்றே இந்த ஸ்கேலில் ஒவ்வொரு இஞ்சையும் இழுத்துவைத்திருக்கிறார்கள். "இதுல மத்த எதையும் அளந்துபோடாதீங்க. அடிக்கு ஒரு நூல் முழுங்கீரும்." நான் தலையாட்டியிருந்தேன். யாரோ சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற வயது.

மேஸ்திரி டேப்பை மடக்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு கணம், அவ்வளவுதான்.

"அளவெடுத்தது ஆரு?" என்றார் அத்தை மகன்.

நான் வாயைத் திறந்தேன் என்று நம்ப ஆசைப்படுகிறேன். இத்தனை வருஷமாக அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், என் வாயை நானே பிளந்து பார்க்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை. காய்ந்த நாக்கு மட்டும். ஒரே ஒரு சொல் போதும்: நான். அதைச் சொன்னால் அடுத்த கல்யாணப் பந்தியில் என்னை வைத்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சித் தரையைப் பார்த்தேன்.

"நாந்தானுங்க," என்றார் மேஸ்திரி. "தப்பிப்போச்சுங்க. சுத்தி ரப்பர் வெச்சு இறுக்கிப்போட்டா சத்தம் நின்னுபோகுமுங்க. ஒரு மணி நேரம் குடுங்க."

ஊரில் எல்லோருக்கும் 'ங்க' போடுகிற அத்தை மகன் அவருக்குப் போடவில்லை.

"உங்கப்பன் எங்க தோட்டத்துல வரப்பு வெட்டினாப்பல வெட்டிப்போட்டயா? புது வண்டிக்கு ரப்பர் வெச்சு ஒட்டுப் போட்டுட்டுத் திரியோணுமா நானு?" பிறகு என் தோளில் கைவைத்தார். "உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, மாப்ள. உனக்கு ஆளு சரியில்ல."

அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை. அதன் கனம் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. எழுதவே கூசுகிறது. ஆனால் இருந்தது.

பெட்டி வெளியே வந்தது, ஸ்டெப்னி உள்ளே போனது. கார் கிளம்பியது. அதன் பிறகு துடியலூர் அறையைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் நான் வாசல்களின் நிறத்தைப் பார்க்கிறேன்.

மேஸ்திரி கொட்டகைக்குப் போய்த் தன் உளிகளையும் இழைப்புளியையும் மரப்பெட்டியில் அடுக்கினார். பெட்டியை மிதிவண்டியின் கேரியரில் வைத்துக் கட்டினார். நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று. எதிர்ப்புறம் தள்ளுவண்டிக்காரர் வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தார். வாணலி உரசும் சத்தம் மட்டும். மிதிவண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு மேஸ்திரி உள்ளே வந்தார். கோபம் இருக்கிறதா என்று அவர் முகத்தில் தேடினேன். வைதுவிட்டால் தேவலை என்றிருந்தது.

"ஏனுங்க," என்றார். "அந்த ஸ்கேலு உங்க டிராயர்ல இருந்தா எடுத்துக் குடுங்க. நாளைக்கு பவுண்டரிக்கு வேணுமுங்க."

டிராயரை இழுத்தேன். ரசீதுப் புத்தகத்துக்கு மேல் பளபளத்துக்கொண்டு கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கி, ஸ்கேலைச் சட்டை நுனியில் துடைத்தார். இஸ்திரி போட்ட சட்டை. என் விரல் ரேகைகள் அதில் போயின.

"மேஸ்திரி, நான்..."

"இருக்கட்டுமுங்க," என்றார். ஸ்கேலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மிதிவண்டியை நெட்டித் தள்ளினார். அதன் பிறகு அவர் என் கடைக்கு வந்ததே இல்லை. ஆனால் அன்று, ஒவ்வொரு மாலையும் சொல்வதுபோலவே, திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"வாரேனுங்க."