ஒரு கப் பஞ்சாமிர்தம்

எனக்கு அவளைப் பிடிக்காது. மதுரையிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத நர்ஸ். நானோ இங்கே சிங்கப்பூர் மார்சிலிங்கில் பிறந்து வளர்ந்து, இதே ஆபரேஷன் தியேட்டரில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறவள். நோயாளிகளைச் சரிபார்த்து உள்ளே அனுப்புவது என் வேலை. தமிழ் ஆள் யாராவது வந்தால் முன்பெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது அவளை. இங்கே நர்ஸ் என்றால் மிஸ்ஸி. என்னிடம் "ஆமா மிஸ்ஸி, இல்ல மிஸ்ஸி" என்று முடித்துக்கொள்கிறவர்கள், அவளைத் "தங்கம்" என்று கூப்பிட்டு, பேரன் பரீட்சையில் கோட்டை விட்டது வரை சொல்வார்கள். வயிற்றெரிச்சல்தான். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது?

அன்று காலை பித்தப்பை அறுவைக்குக் குவீன்ஸ்டவுனிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அவள் வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன். பெயர், பிறந்த தேதி, அலர்ஜி எல்லாம் கேட்டேன்.

"ஏதாச்சும் சாப்டீங்களா? குடிச்சீங்களா?"

"ராத்திரியோட சரி மிஸ்ஸி. பச்சத் தண்ணிகூட பல்லுல படல."

டிக் போட்டேன். நெற்றி நிறைய விபூதி. ஈரப் பஞ்சால் நானே துடைத்தேன். அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

போர்வை கொண்டுவந்த மதுரைக்காரி அவர் காதோரம் ஒட்டியிருந்த மிச்சத்தைப் பார்த்தாள். "கோயிலுக்குப் போயிட்டா வர்றீங்கம்மா?"

"ஆமா தங்கம். இன்னிக்குக் கிருத்திகை. லிட்டில் இந்தியால இறங்கி, கும்பிட்டுட்டுதான் வந்தேன். பஞ்சாமிர்தம் குடுத்தாங்க."

"சாப்பிட்டீங்களா?"

"அது பிரசாதம்மா, அதப் போய் சாப்பாடுங்கலாமா? ஒரு கப்தான். மிச்சம் வைக்கக் கூடாதில்ல."

அவள் என்னிடம் ஓடிவந்தாள். "அக்கா, அவங்க..."

"நான் கேட்டாச்சு லா. டிக் பண்ணியாச்சு. நீ உன் வேலைய பாரு."

தெரியாமல் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டடி தள்ளித்தான் நின்றேன்; பஞ்சாமிர்தம் என்று என் காதிலும் விழுந்தது. வயிற்றில் வாழைப்பழமும் வெல்லமும் இருக்க மயக்க மருந்து கொடுத்தால், அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடலாம். ஆளே போய்விடலாம். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. ஆனால் சொன்னது அவள். அவள் வாயிலிருந்து வந்ததால் அது எனக்கு வேண்டாததாக இருந்தது.

அவள் நேராக மயக்க மருந்து டாக்டரிடம் போனாள். டாக்டர் வெளியே வந்து, அவளை வைத்தே அந்த அம்மாவிடம் விசாரித்தார். அறுவை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அடுத்து டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் போட்ட டிக்கைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் எனக்கு நன்றி சொன்னார். ஒரு தடவை கேட்டதோடு விடாமல், அந்தப் பெண்ணை அனுப்பி மறுபடி விசாரிக்கச் சொன்னேனாமே, அனுபவம் என்றால் இதுதான் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் பின்னால் அவள் குனிந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் உறைத்தது, டாக்டரிடம் அப்படிச் சொன்னது அவள் என்று.

"டேங்க்யூ டாக்டர்" என்றேன்.

வேலையில் மட்டும் என்னை ஜெயித்திருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். நல்ல மனசிலும் ஜெயித்துவிட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவளிடம் நன்றியும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

மறுநாள் அறுவை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்த அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்லித்தான் அந்தப் பொண்ணு வந்து கேட்டுச்சாமே. நல்லா இருப்ப தங்கம்."

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.