ஓட்டக்காரர் பெண்டாட்டி

தென்காசியில் ஒரு மனிதர் ஓடினால் அதற்கு மூன்றே காரணங்கள்தான் இருக்க முடியும். பஸ்ஸைத் தவற விட்டிருப்பார், மாடு அவிழ்த்துக்கொண்டு போயிருக்கும், அல்லது யாராவது செத்திருப்பார்கள். நாலாவதாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தவர் மங்களேஸ்வரியின் கணவர் பால்வண்ணநாதன். கோர்ட்டில் தீர்ப்புகளுக்கு நகல் எழுதுகிற குமாஸ்தா. முப்பத்திரண்டு வயது, ஐந்து வயதில் ஒரு மகன், உட்கார்ந்து உட்கார்ந்து வந்த சின்னத் தொந்தி. 1961 வைகாசியில் ஒரு நாள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, தை மாதம் மதுரையில் இருபத்தாறு மைல் ஓட்டப் பந்தயம் நடக்கிறது, நான் ஓடப் போகிறேன் என்றார்.

"இருபத்தாறு மைல் போறதுக்கு பஸ் இருக்கே" என்றாள் மங்களேஸ்வரி. அவள் கேலியாகத்தான் சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

மறுநாள் விடிகாலையே ஆரம்பித்தது அவளுடைய தலைவலி. வீட்டில் அலாரம் கடிகாரம் கிடையாது. அவள்தான் அலாரம். மூன்றரைக்கு எழுந்து அடுப்பு மூட்டி, வெந்நீர் வைத்து, அவரை நாலு தடவை உலுக்கி எழுப்ப வேண்டும். நாலாவது உலுக்கலில் அவர் கண்ணைத் திறந்து, "இன்னைக்கு வேண்டாமோன்னு பாக்கேன்" என்பார். வேண்டாம் என்று அவளும் விட்டுவிட்டால், எட்டு மணிக்கு எழுந்து, எழுப்பவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இரண்டு நாள் அந்த முகத்தைப் பார்த்த பிறகு, எழுப்பித் தொலைப்பதே மேல் என்று அவளுக்குப் பட்டது.

அடுத்தது சாப்பாடு. காலுக்குப் பலம் வேண்டும், உளுந்தங்களி கிண்டு என்றார். நல்லெண்ணெயும் கருப்பட்டியுமாகக் களி கிண்டினால் அந்த வாசனை தெருவைத் தாண்டும். பெண்பிள்ளை சடங்கானால் ஊட்டுகிற களி அது. எதிர்வீட்டு முத்துவடிவு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, "ஏட்டி, உங்க வீட்ல யாரு சமைஞ்சிருக்கா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர்தான் என்று சொல்லவா முடியும்? மங்களேஸ்வரிக்கு மானம் போயிற்று. உள்ளே அவர் இன்னொரு உருண்டை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலத்துக்கு ஓடினார். போக மூன்று மைல், வர மூன்று மைல், நடுவில் அருவியில் ஒரு குளியல். சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் அருவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, காக்கி அரைக்கால் சட்டையில் ஓடி வருகிற குமாஸ்தாவைப் பார்த்தார்களாம். அதையும் அவரே பெருமையாக வந்து சொன்னார். நனைந்த துணி எதுவும் இரண்டு மாதத்துக்குக் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி, அதில் பனியனையும் சட்டையையும் தொங்கவிட்டு, அதற்குக் கீழே குனிந்து நிமிர்ந்து சமைத்தாள். காய்ந்ததை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "புகை நாத்தம் அடிக்கி" என்றார். கையில் இருந்த கரண்டியை அவள் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். அவ்வளவு கோபம்.

மழை விட்டதும் புளியறை ரோடு. அங்கே அவர் பட்ட பாடு வேறு. பின்னால் வருகிற பஸ்ஸெல்லாம் இவருக்காக நின்றது. "ஏறுங்க அண்ணாச்சி, ஏன் இப்படி ஓடி வாரீய" என்று கண்டக்டர் கையைப் பிடித்து இழுப்பார். ஒரு நாள் மறுக்கக் கூச்சப்பட்டு ஏறியே விட்டார். எதிரே வருகிற சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று, "யாருக்கு என்ன?" என்று துக்கம் விசாரித்தார்கள். நம் பக்கம் மதுவிலக்கு, மலைக்கு அந்தப் பக்கம், அடுத்த மாநிலத்தில், சாராயக் கடை. ஆகவே செக்போஸ்ட் பக்கம் இருட்டோடு ஓடுகிறவரை விடுவார்களா? இடுப்பில் கட்டியிருந்த மருந்துப் பாட்டிலைப் பிடுங்கி மோந்து பார்த்தார்கள். மங்களேஸ்வரி உப்புப் போட்டுக் கொடுத்த நீராகாரம். அன்றைக்கு வீடு வந்து அவர் பொருமியதைக் கேட்க அவள்தான் கிடைத்தாள்.

"அப்ப விட்டுருங்களேன்" என்றாள். அவள் அதைச் சொன்னது நூறாவது தடவையாக இருக்கும்.

"எட்டு மாசம் பாடுபட்டாச்சு. இன்னும் மூணு வாரம்தான்."

யார் பாடுபட்டது என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, மறுநாள் களிக்குக் கருப்பட்டியைத் தட்டப் போனாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொந்தரவு இல்லாத ரோடாகப் பார்த்து வடக்கே ஓடினார். கடையநல்லூர் தாண்டி, புளியங்குடி தாண்டி, வாசுதேவநல்லூர் வரைக்கும் இருபத்துமூன்று மைல். எல்லையைத் தொட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. வாசுதேவநல்லூர் மங்களேஸ்வரி பிறந்த ஊர். மாமனார் வீட்டில் இந்த ஓட்ட சமாச்சாரம் யாருக்கும் தெரியாது. தெரியவிடாமல் எட்டு மாதமும் காத்து வைத்திருந்தார்.

ஊர் எல்லையில், வயலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த சொக்கம்மாள் எதிர்ப்பட்டாள். தாயில்லாத மங்களேஸ்வரியை வளர்த்த சித்தி அவள். வீட்டுக்கு வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டிய மாப்பிள்ளை, அரைக்கால் சட்டையும் பனியனுமாக, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ஓடி வருகிறார். "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டாள். மாமியார் முறைக்காரி முன்னால் முழங்கால் தெரிய நிற்க அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி, வந்த வழியே ஓட்டம் எடுத்தார். போய் ஒரு மடைக்குள் இறங்கி ஒளிந்துகொண்டார்.

சொக்கம்மாள் வேறு என்ன நினைப்பாள்? தென்காசியிலிருந்து ஓடியே வந்த மனுசன், சொல்ல நா எழும்பாமல் திரும்பிப் போகிறார் என்றால் ஒரே ஒரு சேதிதான் இருக்க முடியும்.

பத்தரை மணிக்கு மங்களேஸ்வரி கிணற்றடியில் அவருடைய பனியனை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. யார் வீட்டில் என்று பார்க்க, ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். தலையை விரித்துப் போட்டு, "பாத்துப் பாத்து வளத்தேனே, பாதியில போனியே" என்று மாரில் அடித்துக்கொண்டு சித்தி வந்துகொண்டிருந்தாள். பின்னால் அப்பா ஞானசம்பந்தம், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு. அவர் கையில் ஒரு மாலையும், பிறந்த வீட்டுக் கோடியாகப் போர்த்தக் கொண்டுவந்த புதுச் சேலையும்.

"யாருக்கு என்ன சித்தி?" என்றாள் மங்களேஸ்வரி.

சித்தியின் பாட்டு பாதி அடியில் நின்றது. அப்பா சேலையோடு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். மங்களேஸ்வரி ஓடிப்போய் அவரைத் தூக்கினாள். அவர் அவள் கையை விடவே இல்லை. விரலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து அழுதார். அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மாலையைத் தூக்கி எங்கே எறிவது என்று தெரியவில்லை.

எட்டு மாதக் கதையையும் மங்களேஸ்வரி அப்பாவிடம் சொல்லி முடித்த நேரம், பன்னிரண்டு மணிக்கு, பஸ்ஸை விட்டு இறங்கி நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார் ஓட்டக்காரர். வாசலில் கூடியிருந்த தெருச் சனத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மாப்பிள்ளை, உத்தியோகம் பாக்கிற மனுசர்னு பொண்ணு குடுத்தேன்" என்றார் ஞானசம்பந்தம். குரல் உயரவில்லை. "உயிரோட இருக்க புள்ளைக்குக் கோடி எடுக்க வச்சிட்டீங்க. இனிமே ஓடமாட்டேன்னு அவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. அப்பதான் நான் இங்கன பச்சத்தண்ணி குடிப்பேன்."

எட்டு மாதமாக மங்களேஸ்வரி தவம் கிடந்தது இதற்குத்தான். இனி மூன்றரை மணிக்கு எழ வேண்டாம், களி கிண்ட வேண்டாம். தலையைக் குனிந்து நின்றாள்.

அவர் தலை குனிந்தபடி கையை நீட்டினார். இவ்வளவு சுளுவாக நீட்டுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு நொடியில் எட்டு மாதத்தையும் தூக்கி எறியப் பார்க்கிறார், அதில் அவருடையது மட்டுமா இருக்கிறது? கை தலையில் படுவதற்குள் விலகிக்கொண்டாள்.

"என் தலையை இதுக்கு இழுக்காதீங்க" என்றாள். "அப்பா, அவுக ஓடட்டும். தையில நானும் மதுரைக்குப் போறேன்."

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றாள் சித்தி.

பால்வண்ணநாதன் நீட்டிய கையை மடக்க மறந்து நின்றார். "நீ அங்கன வந்து என்ன செய்யப் போற?" என்றார்.

"பாக்கப் போறேன்" என்றாள் மங்களேஸ்வரி. "புளியறை செக்போஸ்ட்டுக்காரன் பாத்துட்டான். குத்தாலத்துக்கு வந்தவன் போனவனெல்லாம் பாத்துட்டான். இன்னைக்கு எங்க சித்தியும் பாத்தாச்சு. நான்தான் எழுப்பி விடுதேன், வந்தா துவைக்கேன். நீங்க ஓடி நான் ஒரு நாளும் பாத்ததில்ல."