முயலகனுக்கு வந்த முகம்

சௌந்தரவல்லிக்கு வாய்த் துடுக்கு என்று சுவாமிமலை முழுக்கச் சொல்வார்கள். கை அதைவிடத் துடுக்கு. எங்கள் பட்டறையில் அவள் மெழுகில் உரு பிடிப்பவள், நான் வார்த்த சிலையை அரத்தால் ராவுகிறவன். அவள் உருட்டிய அபயக் கை "பயப்படாதே" என்று நம்மைப் பார்த்தே சொல்லும். அதை அவளிடம் சொன்னால், தெரியும் என்பாள்.

கண் திறப்பது மட்டும் அவளுக்குக் கிடையாது. தங்க உளியால் சாமிக்குக் கண் கீறுவது அவள் புருஷனுடைய அண்ணன், ஏகாம்பர ஸ்தபதியின் உரிமை. போன தையில் நடராஜர் வேலை வந்தபோது, இந்தக் கண்ணை நான் திறக்கிறேன் என்று நேரே கேட்டாள். பொம்பளை திறந்த கண்ணுக்குப் பார்வை வராது என்று சொல்லிவிட்டு அவர் வெளியூர்க் கும்பாபிஷேகத்துக்குக் கிளம்பிவிட்டார். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஆத்திரத்தோடு அவள் முயலகனைச் செய்தாள். நடராஜர் காலடியில் மிதிபட்டுக் கிடப்பானே, அறியாமை, அவன்தான். தூக்கிய கால் அடைக்கலம், ஊன்றிய கால் அதட்டல் என்று சொல்லிக்கொண்டே செய்தாள். அதட்டல் யாருக்கு என்பது முடிந்த பிறகுதான் தெரிந்தது. சப்பை மூக்கு, பிதுங்கிய கீழுதடு, இரட்டைத் தாடை. அசல் ஏகாம்பரம்.

மாற்றிவிடு என்று புருஷன் கெஞ்சினான். மாட்டேன் என்றாள். கண்ணுக்கு மறைந்தால் போதும் என்று அந்தப் பயந்தாங்கொள்ளி அவசரமாக வண்டல் மண்ணை அப்பிவிட்டான். மறைத்தால் போய்விடுமா? மண்ணைச் சுட்டதும் மெழுகு உருகி வெளியேற, அது விட்டுப்போன அந்த முகத்திலேயே உலோகம் போய் உட்கார்ந்தது.

கும்பாபிஷேகம் முடிந்து திரும்பிய ஸ்தபதியே மண்ணை உடைத்தார். உடைத்தவர் குனிந்து முயலகன் முகத்தைப் பார்த்தார். பட்டறையை விட்டே அவளை அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன்.

"யாரு பார்த்த வேலை இது?"

"நாந்தான் அத்தான். மூக்கு சரியா வந்திருக்கா?"

அவர் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அந்த முகத்தை ராவச் சொல்லுவார் என்று அரத்தோடு காத்திருந்தேன். சொல்லவில்லை.

கண் திறக்கும் நாளில் குளித்து, திருநீறு பூசி வந்தார். இரண்டு உளி எடுத்தார். தங்க உளியை அவள் கையில் வைத்தார். கல்லாய் நிற்பவள், அன்றைக்கு அழுதுவிட்டாள்.

"சாமி கண்ண நீ தொற, வல்லி. கீழ கெடக்கறவன் கண்ண நானே தொறந்துக்கறேன்."