மூன்று கிளைக்கு ஒரு டீச்சர்

என் அத்தை பூ வைக்க உட்கார்ந்தால் சூரியன் ஜன்னலோரம் வந்து, "வெளிச்சம் போதுமா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகரும். பூமி கொஞ்சம் சாய்வாகச் சுற்றுவதுகூட அவள் தொட்டிக்குத் தோதாகத்தான்.

வாரநாட்களில் அத்தை டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அங்கே வந்த ஜப்பான்கார அம்மா ஒருவருக்கு இவள் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லித் தந்தாள். அவர் இவளுக்குக் கத்தரி பிடிக்கச் சொல்லித் தந்தார். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் இகெபானா என்ற ஜப்பானியப் பூ அலங்காரம். இப்போது ஞாயிறுதோறும் நூலக மாடியில் அத்தையே வகுப்பு எடுக்கிறாள். தட்டையான தொட்டி, அதற்குள் ஊசி ஊசியாக நிற்கும் கனமான கட்டை, அதில் குத்தி நிறுத்த மூன்றே மூன்று கிளைகள். கட்டை ஓரமாக இருக்கணும், கிளைகள் வேறுவேறு உயரத்தில் நிற்கணும், இலை தண்ணீரில் படக்கூடாது, ஊசி வெளியே தெரியக்கூடாது. பாடமெல்லாம் டிரைவிங் பாஷையில்தான்.

"இடைவெளி விடுங்கம்மா! முன்னாடி வண்டி போகுதுல்ல?"

"இன்னும் ஒரு பூ வெச்சா என்ன டீச்சர்? வெறிச்சுன்னு இருக்கே."

"வெச்சா டிராஃபிக் ஜாம்."

நான் கடைசி பெஞ்சில், ஃபேன் காற்றுக்காக. எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

நாலு பேராவது வராவிட்டால் அறையைச் செஸ் கிளப்புக்குக் கொடுத்துவிடுவதாக நூலகர் சொல்லியிருந்தார். வருவதே நாலு பேர். அதில் மருந்துக்கடை அக்கா போன ஞாயிறு கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"போதும் டீச்சர். எல்லார் தொட்டியிலயும் பூ நிக்குது, என்னுது மட்டும் காய்ச்சல் வந்து படுத்திருக்கு. டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பறேன். இனிமே வரல."

"சரிம்மா" என்றாள் அத்தை. கற்றுக்கொள்பவர் காரைச் சுவரில் மோதியபோதுகூட அவள் முகம் அப்படிச் சுருங்கியதில்லை.

எல்லாரும் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். நான் மிச்சக் கிளைகளை அள்ளிக்கொண்டு ஒரு காலி மேசைக்குப் போனேன். ஊசிக் கட்டையைத் தொட்டியின் நட்டநடுவில் வைத்தேன். மூன்று கிளையையும் ஒரே உயரத்துக்கு வெட்டி, போலீஸ் அணிவகுப்பு மாதிரி நிறுத்தினேன். இலைகள் தண்ணீரில் ஊறின. ஊசிகள் பல்லைக் காட்டின. நான் கடைசி பெஞ்சுக்கே திரும்பிவிட்டேன்.

பையை எடுக்க மேலே வந்த மருந்துக்கடை அக்கா அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஐயய்யோ, யாரு வெச்சது இது? புதுசா சேர்ந்திருக்காங்களா? என்னைவிட மோசமா ஒரு ஆளா!" சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பாவம், அவங்களே தைரியமா வெச்சிருக்காங்க. எனக்கு என்ன கேடு?"

பை மறுபடி ஆணியில் தொங்கியது. கத்தரி கைக்கு வந்தது.

டீ முடிந்து அத்தை மேலே வந்தாள். பூ வைத்தவரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்ப்பதுதான் அவள் வழக்கம். என் கோரத்தையும் அப்படியே, நெடுநேரம் பார்த்தாள். பிறகு நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்து என் காதருகே குனிந்தாள்.

"தெரியாதவங்க வெச்சா தப்பித் தவறி ஒண்ணாவது சரியா வந்திருக்கும்டி. இதுல ஒரு ரூல்கூட உடையாம மிஞ்சல. எல்லாத்தையும் கரெக்டா தெரிஞ்ச கழுதையாலதான் இப்படி வைக்க முடியும். எத்தனை மாசமா கத்துக்கிட்டிருக்க?"