சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம்

விமான நிலையத்தில் அத்துமீறி நுழைபவன் என்றால், இரவில் சுவரேறிக் குதிக்கும் ஒருவன்தான் ஜனங்களின் நினைவுக்கு வருகிறான். ஓடுபாதைகளின் பாதுகாப்பைக் கவனிப்பதற்கென்றே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவன் நான். சுவரேறுபவனால் எனக்குப் பெரிய தொந்தரவு இருந்ததில்லை. அவனுக்கு முள்கம்பி உண்டு. டிக்கெட் வாங்கி, அடையாள அட்டை காட்டி, சோதனைகளையெல்லாம் தாண்டி, பேருந்தில் வந்து இறங்கி, "இதற்கு அப்பால் போகாதீர்கள்" என்று கட்டிய கயிற்றைக் குனிந்து கடக்கிறாரே, அவருக்கு என்ன கம்பி போடுவது? காற்றில் பறந்த தொப்பியைத் துரத்தியவர்கள், இறக்கைக்குக் கீழே நின்று குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டவர்கள், குழந்தைக்கு ஒன்றுக்கு வருகிறது என்று எரிபொருள் வண்டியின் மறைவுக்குப் போனவர்கள் என்று எல்லாரையும் பார்த்துவிட்டேன். எல்லாரும் நல்லவர்கள். அதுதான் எரிச்சல்.

ஹைதராபாத்தில் உப்பல் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு, இவர்கள் இனி வேறு யாருடைய தலைவலியோ என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் எனக்கு ஒரு சம்பந்தி வாய்த்தார்.

என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்து ஓய்வு பெற்றவர். அவர் தாத்தா காலத்திலேயே வேலூரிலிருந்து வந்துவிட்ட குடும்பம். அவருடைய தமிழில் பாதி ஹைதராபாத். மகனும் மருமகளும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். மருமகளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. அடுத்த வாரம் என்றிருந்த அறுவைச் சிகிச்சையைத் திடீரென்று மறுநாள் மத்தியானத்துக்கு மாற்றிவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை, குரல் மட்டும் கொஞ்சம் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நீங்க வந்து என் கையைப் பிடிச்சாதான் உள்ள போவேன் டாடி" என்று போனில் அந்தப் பெண் அழுதது எனக்கே கேட்டது. ரயிலில் இடமில்லை. அதுவரை விமானமே ஏறாத மனிதரைக் காலை விமானத்துக்கு நான்தான் அழைத்துப்போனேன்.

வழி நெடுகப் பாதுகாப்பு விதிகளை விளக்கிக்கொண்டே வந்தேன். "ஹவ், ஹவ்" என்று தலையாட்டினார். அதற்கு ஆமாம் என்று பொருள். கேட்டுக்கொண்டார் என்று பொருளில்லை.

விசிறி வைத்த சின்ன விமானம். பேருந்து அதன் வால்பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டது. வரிசையில் நிற்கும்போது, "ஒரு நிமிஷம் சம்பந்தி" என்று தன் பையை என் கையில் திணித்தார். செருப்பு வாரை மாட்டப் போகிறார் என்று நினைத்தேன். தரைப் பணியாளரான ஒரு பெண் யாருடைய குழந்தை வண்டியையோ மடிக்கத் தெரியாமல் போராடிக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது, சம்பந்தி ஆரஞ்சுக் கூம்புகளைத் தாண்டி, விசிறிக்குப் பக்கத்தில் நடந்து, விமானத்தின் வயிற்றுக்கடியில் குனிந்திருந்தார். கத்த வாயெடுப்பதற்குள் கைத்தூசியைத் தட்டிக்கொண்டே திரும்பி வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"எங்கே போனீங்க?"

"எலுமிச்சம்பழம் வெச்சிட்டு வந்தேன். டயருக்கு முன்னாடி. போவன்பள்ளி மார்க்கெட்ல நேத்தே பார்த்து எடுத்தது, ஒரு புள்ளி கிடையாது."

"சம்பந்தி, அது உங்க ஸ்கூட்டர் இல்லை!"

"நக்கோ, வேணாம் சம்பந்தி, டென்ஷன் எதுக்கு? ஸ்கூட்டருக்கே வெக்கிறோம். இது எவ்வளோ பெரிய வண்டி!"

ஆயுத பூஜைக்கு அவருடைய தொழிற்சாலையில் சக்கரம் வைத்த எதையும் எலுமிச்சம்பழம் நசுக்காமல் நகர விட்டதில்லையாம். ஒரு தரப் பரிசோதகர், பழத்தின் தரத்தைப் பரிசோதித்து, விமானத்தின் அடியில் வைத்திருக்கிறார்.

வரிசை நகர்ந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் இருவரும் ஏறி உட்கார்ந்துவிடலாம். திறந்தால் என்ன நடக்கும் என்பது எனக்கு வரிவரியாகத் தெரியும். பழத்தை எடுப்பார்கள், சக்கரங்களைச் சுற்றிலும் பார்ப்பார்கள், வைத்தவரை இறக்கிவிடுவார்கள். அடுத்த விமானம் மாலையில்தான். மருமகள் கை பிடிக்க ஆளில்லாமல் உள்ளே போவாள்.

பழம் நசுங்கிச் சாறாகிப் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். நசுங்காமல் தெறித்து, சுழலும் விசிறியில் படுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அந்தக் குறைவை நம்பி விமானத்தை அனுப்பக் கூடாது என்றுதான் என் உத்தியோக காலம் முழுவதும் மற்றவர்களிடம் கத்தியிருக்கிறேன்.

"மேடம், சக்கரத்துக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கிறது" என்றேன் ஆங்கிலத்தில்.

"நிம்மகாயா?" என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தாள் அந்தப் பெண். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வாக்கி டாக்கியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் விதிப்படி நடந்தது. விதிப்படி என்னையும் இறக்கினார்கள்: ஒரே டிக்கெட்டில் வந்தவன், பையைப் பிடித்துக்கொண்டு நின்றவன். குறை சொல்ல முடியாது. அங்கே என் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் என்னை இறக்கித்தான் இருப்பேன். விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிப் போனது. பழத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எங்களுக்கு முன்னால் மேசையில் வைத்தார்கள். உண்மையிலேயே நல்ல பழம். விசாரணை முடியும்வரை கைபேசிகளும் அதே மேசையில் கிடந்தன. சம்பந்தியின் கைபேசி மட்டும் அடிக்கடி அதிர்ந்து, மேசையில் நகர்ந்து நகர்ந்து பழத்தை முட்டியது. அதிகாரி எடுக்க விடவில்லை.

சம்பந்தி பழத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நீங்க சொல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"அநேகமா ஒண்ணும் ஆகியிருக்காது."

"அப்புறம் கைக்கு சொன்னீங்க?" கைக்கு என்றால் எதற்கு.

"உங்க ஃபேக்டரில ஒரு போல்ட் லூசா இருந்தா, அநேகமா ஒண்ணும் ஆகாதுன்னு வெளியே அனுப்புவீங்களா?"

"மாட்டேன்" என்றார். "ஆனா அந்த போல்ட்டுக்காக என் பொண்ணு காத்துட்டு இருந்ததில்ல."

 அந்த விமானத்தில் இருந்தவர்களுக்காகவும் எங்கேயோ யாராவது காத்திருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். சரியான பதில்தான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. கைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது மருமகளை அறுவைக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, மாலை விமானத்தில் போய்ச் சேர்ந்தோம். அதற்கும் பேருந்துதான், வால்பக்கப் படிதான். கூம்புகள் வைத்திருந்த இடம்வரை அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். யாரை யார் காவல் காத்தோம் என்று தெரியவில்லை.

மருமகள் கண் விழித்திருந்தாள். கழுத்தில் கட்டு. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றான் என் மகன். சம்பந்தி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். மத்தியானமே பிடித்திருக்க வேண்டிய கை.

"டாடி... கைக்கு லேட்?" என்றாள். மணல் தாளை உரசினாற்போல் இருந்தது குரல். சில நாளில் சரியாகிவிடுமாம். நர்ஸ் பேசக் கூடாது என்று சைகை காட்டினாள்.

சம்பந்தி திரும்பி என்னைப் பார்த்தார். நான் காட்டிக்கொடுத்துவிடுவேன் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. அன்று ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

"ஃப்ளைட் லேட்டும்மா" என்றார்.

"இந்த ஏர்லைன்ஸ்காரனுங்களே இப்படித்தான்" என்றான் என் மகன்.

ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் போன விமானம். செய்யாத தாமதத்துக்காக ஜனங்களிடம் திட்டு வாங்கியே தலை நரைத்தவன் நான். மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஹவ்" என்றேன்.