மந்தமாக ஒலித்த இடம்

துறைமுகத்தில் அவளுக்குச் சுத்தியல் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதைச் சொல்லித் தேடினால் அங்கே ஒருவருக்கும் தெரியாது. பழைய படகு வாங்கும் ஆசை யாருக்கு வந்தாலும் முதலில் அவளைத்தான் கூட்டி வருவார்கள். வந்ததும் தோள்பையை இறக்கி, கட்டைவிரல் பருமனில் தலை உள்ள சின்னப் பிளாஸ்டிக் சுத்தியலை எடுப்பாள். படகின் உடம்பை ஒரு கை அகலம் விடாமல் தட்டிக்கொண்டே போவாள். நல்ல ஃபைபர் 'டக் டக்' என்று துள்ளிப் பதில் சொல்லும். உள்ளே தண்ணீர் இறங்கி அடுக்குப் பிரிந்த இடம் 'தொப்'பென்று மந்தமாக ஒலிக்கும். அந்த இடத்தைச் சுற்றி சாக்பீசால் ஒரு வட்டம் போடுவாள். அப்புறம் விற்கிறவர் முகத்தில் ஈயாடாது.

இந்த வித்தையை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள் என்று கேட்டால் சிரிப்பாள். அவள் முதலில் செய்தது டைல்ஸ் ஒட்டும் வேலை. ஒட்டி முடித்த தரையைத் தட்டிப் பார்த்து, எந்த டைலுக்கு அடியில் காற்று நிற்கிறதென்று சொல்லிவிடுவாள். ஒரு வீட்டுக்காரர், "என் படகையும் கொஞ்சம் தட்டிப் பாரும்மா" என்று விளையாட்டாகக் கூப்பிட்டார். விளையாட்டாகத்தான் தட்டினாள். அவர் ஆசை ஆசையாக வாங்கிய படகின் பாதி உடம்பு ஊறிப் போயிருந்தது. மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அன்றோடு அவளுக்குத் தொழில் மாறிவிட்டது.

அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. தட்டி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முக்கியமாக விற்கிறவர்கள். அவர்களுக்குத்தான் சொல்ல ஆயிரம் இருக்குமே! எங்கள் கல்யாணம் முடிந்து போன முதல் பயணம், குழந்தை நடை பழகிய இடம் என்று ஆரம்பிப்பார்கள். "கதை கேட்டா காது கெட்டுப் போயிடும். முதல்ல படகு பேசட்டும், அப்புறம் நீங்க பேசுங்க" என்று வாயை அடைத்துவிடுவாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவள் சரி என்று சொன்ன படகு ஒன்றுகூட யாரையும் நடுக்கடலில் கைவிட்டதில்லையே.

ஆனால் அந்தக் காதுக்கும் ஒரு சோதனை இருந்தது. அது அவள் தம்பி.

தம்பி டவுன் பஸ் ஓட்டியவன். பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல், ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பஸ் நிலையம். தலை நரைக்கும்வரை இதே தடம். கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லை. ஒரு பாய்மரப் படகு வாங்க வேண்டும், கரையோரமாகவே தெற்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும், இதுதான் அவன் ஆசை. "எவ்வளவு தூரம்டா போவ?" என்று கேட்டால், "திரும்பிப் போங்கன்னு யாரும் சொல்லாத தூரம்" என்பான். அதற்காகத்தான் வேலையையும் விட்டிருந்தான்.

அம்மா ஆலை வேலைக்குப் போன காலத்தில் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அக்காதான். இன்றும் ஒரே வீடு. அவளுக்கு மாடி, அவனுக்குக் கீழ்த்தளம். அவன் சாவி கதவில் திரும்பும் சத்தம் கேட்டால்தான் அவளுக்குக் கண் மூடும். அவனுக்காக அவள் தட்டிப் பார்த்த படகுகள் எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு நொட்டை இருந்தது. ஒன்றில் சுக்கான் ஆட்டம், ஒன்றில் பாய்மரத்தின் அடி அரித்திருந்தது. அவன் முகம் சுருங்கும். "சரிக்கா, நீ சொன்னா சரிதான்" என்று திரும்பிவிடுவான். தன் காதைவிட அக்காவின் காதை நம்புகிறவனிடம் என்னத்தைச் சொல்ல?

இந்தத் தடவை பார்க்கப் போன படகு, தம்பியைவிட வயதில் மூத்தது. நீலச் சாயம் வெளிறி, கரையில் முட்டுக்கட்டைகளின் மேல் நின்றது. அதன் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் விற்கிறவர். துணி தைத்தே காலம் தள்ளிய ஒரு தையல்காரம்மா. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, அதனால் படகு விலைக்கு வந்திருந்தது.

"வாங்கம்மா. ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், இந்தப் படகுல..."

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. அப்புறமா சொல்லுங்க."

தையல்காரம்மா உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

சுத்தியல் அக்கா ஓட்டை உடைசலை எதிர்பார்த்துத்தான் ஆரம்பித்தாள். அடேங்கப்பா, அப்படி ஒன்று கிடைக்கவே இல்லை! படகு கவிழாமல் பிடிக்கிற அடி ஈயக்கட்டை உடம்போடு சேரும் இடத்தில் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் இறங்கும் இடமெல்லாம் துருவின் சாயல் இல்லை. சுக்கானைப் பிடித்து உலுக்கினாள், அது அசைந்து கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்த ஒரு சாமான் இப்படி இருக்குமா? யார் கை இது, இவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொண்ட கை? அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது. அவள் கையில் ஒரு குறையும் அகப்படவில்லை என்றால் தம்பி போய்விடுவான்.

'டக், டக், டக்' என்று வலப்பக்கம் முழுக்க வந்தாள். முன்பக்க வளைவில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, 'தொப்'.

மறுபடி தட்டினாள். 'தொப்.'

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் அவள் வயிற்றில் பால் வார்த்தது. இன்னொருவர் படகில் நோவு கண்டு சந்தோஷப்படுகிறோமே என்று உடனே சுருக்கென்றது, ஆனாலும் சந்தோஷம் சந்தோஷம்தான். பெரிய வட்டமாகவே போட்டாள். சுத்தியலைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"பாரு, அடுக்கு விட்டுப்போச்சு. இதை வச்சுக்கிட்டுக் கடலுக்குப் போக முடியாது. வா, கிளம்பலாம்."

தம்பி கிளம்பவில்லை. வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஈரம் பார்க்கற மிஷினை எடுக்கலியேக்கா?"

"எதுக்கு? என் காதுக்குத் தெரியாதா?"

"எல்லாப் படகுக்கும் எடுப்பியே. உள்ள போயும் பார்ப்பியே." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளும் பதிலுக்கு நாலு கத்திவிட்டுப் போயிருப்பாள். "என் படகுக்கு மட்டும் எப்பவும் வெளியவே முடிஞ்சிடுதுக்கா."

அவள் பையின் ஜிப்பைப் பாதி திறந்தாள், மறுபடி மூடினாள்.

"படகு பேசி முடிச்சாச்சா? இப்ப நான் வாயைத் திறக்கலாமா?" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "திருப்புளி இருக்கா உங்க பையில? இருந்தா ஏணியில ஏறி உள்ள போங்க. முன்னாடி படுக்கைக்குப் பக்கத்துல ஒரு மரப்பலகை இருக்கும். கழட்டிப் பாருங்க. நான் ஏற முடியாது, இங்கேருந்தே சொல்றேன்."

உள்ளே போனாள். குனிந்துதான் நிற்க முடியும். வட்டம் போட்ட இடத்துக்கு நேர் உள்பக்கம் அந்தப் பலகை. திருகாணிகளைக் கழற்றிப் பலகையை எடுத்தாள்.

ஒரு காலத்தில் அங்கே ஆள் தலை நுழைகிற ஓட்டை விழுந்திருக்கிறது. அதை யாரோ மூடியிருந்தார்கள். ஃபைபர் செய்கிற கண்ணாடி நார்த் துணி, ஒன்றன் மேல் ஒன்றாக. ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிட ஒரு விரல் பெரிது. மூலை என்று எங்கேயும் இல்லை, எல்லாம் வழவழவென்று வளைந்து போயின. ஓரத்தை விரலால் தடவினால் எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை.

கீழேயிருந்து தையல்காரம்மா தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "மிதந்து வந்த மரக்கட்டை, இடிச்சிடுச்சு. குபுகுபுன்னு தண்ணி. அவர் சுக்கானை விட முடியாது. நான் மெத்தையை ஓட்டையில வச்சு, அதுல என் முதுகைக் குடுத்து, எதிர்ப் பலகையில காலை ஊனி உட்கார்ந்துட்டேன். கரை வர்ற வரைக்கும் அப்படியே."

"எவ்வளவு நேரம்?" என்றான் தம்பி.

"யாரு கடிகாரம் பார்த்தா? அவர் மேல உட்கார்ந்து பாடிட்டே வந்தார். காது குடுத்துக் கேட்க முடியாது, அவ்வளவு கண்றாவி! ஆனா பாட்டு நின்னா நான் பயந்து எழுந்துடுவேன்னு நிறுத்தவே இல்ல, பாவம்." நாற்காலி கிரீச்சிட்டது. "அப்புறம் ஒட்டுப் போடறதுக்கு ஆள் கூப்பிடறேன்னார். எதுக்கு ஆளு? துணிதானேய்யா, துணி எனக்குத் தெரியாதா? நானே வெட்டினேன். இழையை ஒவ்வொரு அடுக்குக்கும் திருப்பித் திருப்பி வச்சேன், ஒரே பக்கம் இழுத்தா கிழியும். மூலை விட்டா அங்கதான் பிரியும், சட்டை அக்குள்லயும் அதே கதைதான். இவ்வளவு அடுக்கு வேண்டாம்னு அவர் சொன்னார். ஓட்டையை அடைச்சது யாரோட முதுகு, உங்க முதுகான்னு கேட்டேன். பேசாம போயிட்டார்."

சுத்தியல் அக்கா ஈரம் பார்க்கும் கருவியை எடுத்து ஒட்டின் மேல் வைத்தாள். முள் அசையவில்லை. சருகு மாதிரிக் காய்ந்திருந்தது. சுத்தியலால் உள்பக்கம் தட்டினாள். மந்தமாகத்தான் ஒலித்தது, ஆனால் இது அழுகலின் ஓசை இல்லை, கனத்தின் ஓசை. பக்கத்து உடம்பைப்போல் இரண்டு பங்கு தடிமன். டைல்ஸ் ஒட்டிய முதல் மாதத்திலேயே பழகிய வித்தியாசம் அது. தூக்கத்தில் தட்டினால்கூடச் சொல்லியிருப்பாள். யார் கதையும் காதில் விழக் கூடாதென்று ஊரை எல்லாம் அடக்கியவள், தன் மனசு சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டே தட்டியிருக்கிறாள். முழுப் படகிலும் உறுதியான இடம் எதுவோ, அதைப் பார்த்து வட்டம் போட்டிருக்கிறாள்!

ஒரு மனுஷி தன் முதுகால் கடலையே தடுத்திருக்கிறாள். பிறகு அதே இடத்தை, இனி யார் முதுகும் தேவைப்படாதபடி தைத்து வைத்திருக்கிறாள். இத்தனை வருஷம் தட்டிய எந்தப் படகிலும் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. கும்பிடத் தோன்றியது. அந்தக் குறுகிய இடத்தில் கைகூப்பக்கூட வசதியில்லை. அதனால் மெதுவாகத் திரும்பி, அந்த ஒட்டின் மேல் முதுகைச் சாய்த்து, எதிர்ப் பலகையில் காலை ஊன்றி உட்கார்ந்தாள். உயரம் அளவெடுத்தது மாதிரிப் பொருந்தியது.

"டேய், வட்டத்துக்கு நடுவுல தட்டு."

"சுத்தியல் உன்கிட்ட இருக்கே."

"கையால தட்டுடா."

தட்டினான். முதுகெலும்பில் வந்து இறங்கியது. கைக்குழந்தையாக அவள் தோளில் தூங்கியவன், விழித்ததும் முதுகில் தட்டுவான். அதே கை.

"கேக்குதாக்கா?"

அவள் கண்ணை மூடி, தலையையும் ஒட்டின் மேல் சாய்த்தாள்.

"அக்கா? என்ன சொல்லுது?"

"நல்ல படகுடா," என்றாள். "வாங்கிக்கோ."

வெளியே அவன் உள்ளங்கையால் சாக்பீஸ் வட்டத்தைத் துடைக்கிற சத்தம் அவள் முதுகுக்குக் கேட்டது.