வேப்பமரத்தடியில் பேன் சீப்பு

உத்திரமேரூர் பக்கத்தில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்வார்கள். இப்போது அந்தக் கோபத்துக்கு நல்ல காரணமும் கிடைத்திருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி நன்றாக வந்ததும் சேர்க்கை மளமளவென்று ஏறிவிட்டது. ஊரெல்லாம் பாராட்டினார்கள், பாராட்டியவர்களில் ஒருவரும் ஒரு கட்டில் அனுப்பவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்கென்று இருந்த அறையும் படுக்கைக்கூடமாகிவிட்டது. யாருக்காவது காய்ச்சல் என்றால் என் கட்டிலில் படுத்துக்கொண்டு, தலையணை சரியில்லை என்று எனக்கே குறை சொல்வார்கள்.

எனக்கு உண்மையில் வலித்தது ஞாயிற்றுக்கிழமை விஷயம்தான். விடுதிக்கு ஒரே ஓர் உதவியாளர் அக்கா. முன்பெல்லாம் வேப்பமரத்தடியில் ஒவ்வொருத்தியாக உட்காரவைத்துப் பேன் பார்ப்பார். யார் சாப்பிடவில்லை, யார் போர்வைக்குள் அழுகிறாள் என்பதெல்லாம் பேன் சீப்போடு சேர்ந்து வெளியே வந்துவிடும். கூட்டம் பெருகியதும் அவர் பாவம் என்ன செய்வார்? பாதிப் பேரைப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

மேலிடத்தில் இன்னோர் ஆள் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் பார்ப்பதற்குள் பேனெல்லாம் பேரன் பேத்தி எடுத்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து, அவரவர் முன்னால் இருப்பவளின் தலையைப் பாருங்கள் என்றேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வரிசையின் கடைசியில் உட்கார்ந்தவள் ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவள். பழையசீவரத்துப் பெண். அப்பா அம்மா இருவருக்கும் செங்கல் சூளையில் வேலை. வந்த நாளிலிருந்தே வீட்டுக்குப் போகிறேன் என்று அழுகை. அன்று அப்பா வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. பெட்டி வாசலில் தயாராக இருந்தது. போனால் அவளும் சூளைக்குத்தான், படிப்பு அவ்வளவுதான். நான் சொல்லாததில்லை. தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

முன்னால் இருந்தவளுக்கு வாரிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"என் தலைய யாருமே பாக்கலியே, மிஸ்."

எனக்குச் சுருக்கென்றது. வரிசையின் முதலில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டாம் வகுப்புக்காரியோ கையில் வேலையில்லாமல் மகாராணி மாதிரி இருந்தாள். வேப்பமரத்தையும் துணி துவைக்கும் கல்லையும் சுற்றி வரிசையை வளைக்கச் சொன்னேன். மகாராணி சின்னவளின் பின்னால் வந்து சேர்ந்தாள். சடையைப் பிரித்தபடியே வீட்டில் யார் யார், ஆட்டுக்குட்டி உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்தாள். மூன்று குட்டி உண்டாம், மூன்றுக்கும் பெயர்கூட இருக்கிறதாம். அந்த ஆறாம் வகுப்பு வாய் அவ்வளவு பேசும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அக்கா வட்டத்தைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சின்னவளின் அப்பா வந்தார். பஸ் போய்விடும், கிளம்பு என்றார். அவள் கை முன்னவள் தலையில், அவள் தலை பின்னவள் கையில்.

"நான் ஏந்துட்டா நடுவுல அறுந்துடும், நைனா. நீ செத்த குந்து."

அவர் அந்தத் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தார். பஸ் போயே போய்விட்டது. எல்லாம் முடிந்து, இறுகப் பின்னிய சடையோடு அவள் அவரிடம் ஓடினாள். பெட்டியைத் தூக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அடுத்த வாரம் வர சொல்ல எனுக்குன்னு ஒரு பேன் சீப்பு வாங்கினு வா, நைனா" என்றாள்.

எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் திரும்பிக்கொண்டு, உதிர்ந்த முடியையெல்லாம் யார் பெருக்குவது என்று ஒரு சத்தம் போட்டேன்.